நீங்க சட்டப்படி ‘தொழிலாளி’யா? கணியம்பாடி பஸ்ல ஏறினா மூணு பேருக்கு மூணு பதில்!

காலை ஏழே முக்கால். கணியம்பாடி ஸ்டாப்பிங்ல வேலூர் பஸ்ஸுக்கு நிக்கிறவங்க கழுத்துல பாதிக்கு மேல ஐடி கார்டு தொங்கும். இங்கிருந்து ஜவ்வாது மலை அடிவாரம் பக்கம். ஆனா காலையில கூட்டம் போறது எதிர்த் திசையில. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாகாயம், தொரப்பாடி, அப்புறம் வேலூர் டவுன். வழியெல்லாம் மருத்துவமனை, கல்லூரி, ஸ்கூல். தொழிற்சாலைச் சங்கு ஊதுற ஊர் இல்ல இது. பல பேருக்குச் சம்பளம் போடுறது ஏதோ ஒரு அறக்கட்டளை, இல்லைன்னா அரசுகிட்ட கான்ட்ராக்ட் எடுத்த ஒரு ஏஜென்சி.

அந்த பஸ்ல மூணு பேரை எடுத்துக்கோங்க. ஒருத்தர் தனியார் கல்லூரியில டிரைவர். பக்கத்து சீட்ல அதே கல்லூரியோட உதவிப் பேராசிரியர். பின்னாடி நிக்கிறவர் மருத்துவமனையில கான்ட்ராக்ட் துப்புரவுப் பணியாளர். மூணு பேரையும் நாளைக்கே “வர வேண்டாம்”னு சொல்லிட்டா, சட்டத்துல மூணு பேருக்கும் வேற வேற கதவு. இதுல ரொம்பச் சின்னக் கதவு யாருக்குன்னு நினைக்கிறீங்க? பிஎச்டி முடிச்சவங்களுக்குத்தான்.

இது எனக்குத் தெரிய வந்தது படிச்சு இல்ல. என் சித்தி பொண்ணு மூலமா.

அக்கா ஒரு தனியார் கல்லூரியில ஆறு வருஷம் பாடம் எடுத்தாங்க. போன வருஷம் அட்மிஷன் குறைஞ்சதும் ஒருநாள் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, உங்க ரெக்கார்டுக்கு நல்லது”ன்னு சொன்னாங்களாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட் அவங்ககிட்ட இருக்கு. அக்கா எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டாங்க. ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வக்கீலைப் பார்த்தாங்க. வக்கீல் கேட்ட முதல் கேள்வி, ஏன் நீக்கினாங்கன்னு இல்ல. “அம்மா, சட்டப்படி நீங்க தொழிலாளியா?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துச்சாம். அப்புறம் வரல.

வேலூர்ல இருந்து போன ஒரு வழக்கு

நாம வேலை பார்க்கிற இடம் ‘தொழில்’தானா, நாம ‘தொழிலாளி’தானா. இந்த ரெண்டு கேள்விக்கும் ஆமான்னு பதில் வந்தாத்தான் தொழிலாளர் நீதிமன்றத்தோட படிக்கட்டு ஏற முடியும். முதல் கேள்வியோட வரலாற்றுல நம்ம வேலூருக்கே ஒரு இடம் உண்டு.

1978-ல் பெங்களூரு குடிநீர் வாரிய வழக்குல உச்ச நீதிமன்றத்தோட 7 நீதிபதிகள் அமர்வு ஒரு பெரிய தீர்ப்பு சொல்லுச்சு. முதலாளியும் வேலையாளும் சேர்ந்து, முறையா, மக்களுக்குத் தேவையான பொருளையோ சேவையையோ தந்தா அது ‘தொழில்’. லாபம் பார்க்கிறாங்களாங்கிறது முக்கியமில்ல. மருத்துவமனையும் கல்லூரியும் உள்ள வந்தது இப்படித்தான்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஊழியர் சங்கத்தோட வழக்கு அடுத்த கட்டம். ஊழியர் தகராறை அரசு தொழிலாளர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, “நாங்க சிறுபான்மையினர் நடத்துற கல்வி நிறுவனம். அரசியலமைப்பின் 30-வது பிரிவு எங்களுக்குத் தர்ற நிர்வாக உரிமையில இந்தச் சட்டம் தலையிடுது”ன்னு நிர்வாகம் வாதாடுச்சு. சென்னை உயர் நீதிமன்றத்துல அந்த வாதம் எடுபட்டுச்சு. சங்கம் மேல போச்சு. 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை மாத்திச்சு. நிர்வாகம் பண்ற உரிமை வேற, வேலைத் தகராறை ஒரு நடுநிலை அமைப்பு விசாரிக்கிறது வேற. தொழில் தகராறுச் சட்டம் சிறுபான்மை நிறுவனத்துக்கும் பொருந்தும்னு சொல்லிடுச்சு. நாடு முழுக்க எத்தனையோ தனியார் மருத்துவமனை, கல்லூரி ஊழியர்களோட வழக்குல இன்னிக்கும் மேற்கோள் காட்டப்படுற தீர்ப்பு இது. வேலூர்ல எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் தெரிஞ்சது.

இப்போ என்ன பிரச்சினை?

2025 நவம்பர் 21 முதல் நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தாச்சு. 29 பழைய சட்டங்கள் அதுக்குள்ள கரைஞ்சுபோச்சு. எல்லாரும் ‘டேக் ஹோம் குறையுமா’ன்னு ரீல்ஸ் பார்த்துட்டு இருந்தப்போ, தொழில் உறவுகள் தொகுப்புல ‘தொழில்’ங்கிற சொல்லுக்கான விளக்கத்துக்குக் கீழ ஒரு வரி அமைதியா உட்கார்ந்திருந்தது. முழுசாகவோ கணிசமாகவோ தர்மம், சமூகச் சேவை, பரோபகாரப் பணியில ஈடுபடுற அமைப்புகள் நடத்துற நிறுவனங்கள் ‘தொழில்’ ஆகாதுன்னு அது சொல்லுது.

படிக்க நியாயமாத்தான் இருக்கு. அன்னதான சத்திரத்தை ஃபேக்டரி மாதிரி நடத்த முடியுமா? ஆனா ‘கணிசமாக’ன்னா எவ்வளவு? நூத்துக்கு எத்தனை நோயாளிக்கு இலவசம்னா தர்மம்? லட்சக்கணக்குல ஃபீஸ் வாங்குற கல்லூரியும் பத்திரத்துல ‘அறக்கட்டளை’தான். சட்டம் ஒரு அளவுகோலும் தரல. அப்போ ஒவ்வொரு வழக்குலயும் முதல் நாலஞ்சு வருஷம் இந்தக் கேள்விக்கே போகும். ஊழியர் தோத்துட்டாரான்னு தெரியுறதுக்கு முன்னாடியே களைச்சுப் போயிடுவார்.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லணும். கணியம்பாடி ஒன்றியத்து கிராமங்களுக்கு சிஎம்சியோட சமுதாய நலத் துறை பல பத்தாண்டுகளா மருத்துவம் பார்க்குது. எங்க பாட்டிக் காலத்து ஆளுங்க அதை நன்றியோடதான் பேசுவாங்க. தர்மக் காசுல ஓடுற இடத்தை வழக்கு, நிலுவைச் சம்பளம்னு இழுத்தா சேவைதானே அடிபடும்னு கேட்கிறவங்க இருக்காங்க. கேள்வி உண்மையானது. ஆனா 1978 தீர்ப்புல நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் இதுக்கு அன்னிக்கே பதில் யோசிச்சு வச்சிருக்கார்: தர்மம் பண்றது யாருன்னு பாருங்கங்கிறார். நிறுவனம் தர்மம் பண்ணலாம். அங்க மாசச் சம்பளத்துக்கு வர்ற அட்டெண்டர் தன் உழைப்பைத் தர்மமாத் தரல. மத்த இடத்துல மாதிரி கூலிக்குத்தான் வர்றார். வேலை செய்றவங்களும் சேவையாவே உழைக்கிற இடம்னா அது வேற கதை.

இந்த 1978 விளக்கம் சரியான்னு பார்க்க 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பினது தனிக் கதை. என் கருத்து இதுதான்: ஃபீஸ் வாங்கி, சம்பளத்துக்கு ஆள் எடுத்து நடத்துற எந்த மருத்துவமனையும் கல்லூரியும் இந்த விலக்குக்குள்ள வரக் கூடாது. அதைச் சட்டத்துலயே வெளிப்படையா எழுதணும். தொழிலாளர் விவகாரம் பொதுப்பட்டியல்ல இருக்கு, தமிழ்நாடு திருத்தம் கொண்டுவர முயற்சி பண்ணலாம். 24 மாசத்துல 480 நாள் வேலை பார்த்தா நிரந்தரம்னு 1981-லயே தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது.

டீச்சர்னா ஏன் இல்ல?

சரி, கல்லூரி ‘தொழில்’னே வச்சுக்குவோம். அப்பவும் அக்காவுக்குக் கதவு திறக்காது. 1988-ல் சுந்தராம்பாள் வழக்குல, ஆசிரியர் செய்றது உடலுழைப்போ, கிளார்க் வேலையோ, தொழில்நுட்ப வேலையோ இல்ல, அதனால அவர் ‘தொழிலாளி’ வரையறைக்குள்ள வர மாட்டார்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அதாவது கல்லூரி பஸ் ஓட்டுறவர் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம். அந்த பஸ்ல போற பேராசிரியர் போக முடியாது.

பணிக்கொடையிலயும் இதே கூத்து. ஆசிரியருக்கு கிராஜுவிட்டி கிடையாதுன்னு 2004-ல் தீர்ப்பு வந்து, அதைச் சரிபண்ண 2009-ல் நாடாளுமன்றம் சட்டத்தையே திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் பொருந்தும்னு சொல்லி, அதையும் எதிர்த்துத் தனியார் பள்ளிகள் வழக்குப் போட்டு, 2022 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும்னு முடிச்சுவச்சது. ஆறு வருஷம் வேலை பார்த்த அக்காவுக்கு கிராஜுவிட்டி உண்டு. அவங்களுக்கே அது தெரியாது! ராஜினாமா பண்ணாலும் அஞ்சு வருஷம் முடிஞ்சிருந்தா உண்டு.

சர்டிஃபிகேட் விஷயம் இன்னும் சிம்பிள். கல்விச் சான்றிதழ் அடகு வைக்கிற பொருள் இல்லன்னு சென்னை உயர் நீதிமன்றம் பல வழக்குல சொல்லியாச்சு. வேலைக்குச் சேரும்போது ‘வெரிஃபிகேஷனுக்கு’ன்னு வாங்கினா, கொடுத்ததுக்கு ஒரு ரசீது, குறைஞ்சது ஒரு மெயிலாவது வாங்கிக்கோங்க.

‘டீம் லீட்’ ஆனா தொழிலாளி இல்லையா?

சென்னையிலயோ பெங்களூருலயோ லேப்டாப் முன்னாடி உட்கார்ந்து இதைப் படிக்கிறவங்களுக்கும் இதே கேள்விதான். மேனேஜர் தொழிலாளி இல்ல. சூப்பர்வைசர்னா, மாசம் 18,000 ரூபாய்க்கு மேல வாங்கினா இல்ல (பழைய சட்டத்துல இது 10,000). அதனாலதான் சில கம்பெனிகள்ல சேர்ந்த ரெண்டாவது வருஷமே விசிட்டிங் கார்டுல ‘மேனேஜர்’ வந்துடுது.

ஆனா பதவிப் பேர் செல்லாது, உண்மையில என்ன வேலை செய்றீங்கங்கிறதுதான் கணக்குன்னு 1994-ல் எஸ்.கே.மைனி வழக்குலயே சொல்லியாச்சு. நாள் முழுக்க கோடு எழுதிட்டு, நாலு பேரோட லீவை மட்டும் அப்ரூவ் பண்றவர் மேனேஜர் ஆயிட மாட்டார். 2015 ஜனவரியில டிசிஎஸ் ஆட்குறைப்பு நேரத்துல, கர்ப்பமா இருந்த ஒரு ஊழியரோட பணிநீக்கத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது ஞாபகம் இருக்கலாம். ஐடி துறைக்குத் தொழில் தகராறுச் சட்டத்துல விலக்கு எதுவும் இல்ல, சங்கம் வைக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவுபடுத்துச்சு.

இன்னொரு வழியும் இருக்கு, பலருக்குத் தெரியாதது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. கடை ஊழியர் உட்கார நாற்காலி வேணும்னு 2021-ல் திருத்தினாங்களே, அதேதான். ஆறு மாசம் தொடர்ந்து வேலை பார்த்தவரை நியாயமான காரணமும், ஒரு மாச நோட்டீஸோ அதுக்கான சம்பளமோ இல்லாம நீக்கக் கூடாதுன்னு அதன் 41-வது பிரிவு சொல்லுது. நிர்வாகப் பதவியில இருக்கிறவங்களுக்கு இது இல்ல. தொழிலாளர் துறையோட மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போகணும். ஆனா 30 நாளுக்குள்ள! அக்கா மாதிரி ரெண்டு மாசம் அழுதுட்டு இருந்தா அந்தக் கதவு மூடிடும்.

வக்கீல் வர முடியாத இடம்

இங்கதான் எனக்கு ஆச்சரியமான ஒரு விஷயம். வேலை போனா முதல்ல போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையோட சமரச அலுவலர்கிட்ட. அங்க வக்கீல் யாரும் ஆஜராகக் கூடாது, ரெண்டு பக்கமும். அடுத்து நீதிமன்றத்துலயும் எதிர்த்தரப்பு சம்மதிச்சு, நீதிமன்றமும் அனுமதிச்சாத்தான் வக்கீல். காசுள்ள முதலாளி பெரிய வக்கீலோட வந்து தொழிலாளியை மிரட்டக் கூடாதுங்கிற நல்ல எண்ணம். நடைமுறையில கம்பெனி சார்பா முதலாளிகள் சங்க நிர்வாகிங்கிற பேர்ல சட்டம் கரைச்சுக் குடிச்சவர் வருவார். சங்கம் இருக்கிற தொழிலாளிக்குச் சங்கத் தலைவர் வருவார். சங்கம் இல்லாத நம்மள மாதிரி ஆளுங்க மஞ்சப் பையில பேப்பரை வச்சுக்கிட்டுத் தனியா நிக்கணும்.

அதனால சட்ட உதவி வேண்டியது கோர்ட்டு வாசல்ல இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடி. ராஜினாமா எழுதுங்கன்னு சொல்ற அந்த ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி. ‘யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்’னு வெளிய வந்து, அன்னிக்கே சொந்த மெயில்ல இருந்து ‘இன்னிக்கு இப்படிக் கேட்டீங்க, நான் சம்மதிக்கல’ன்னு ஒரு வரி அனுப்பினா வழக்கோட பாதி அங்கயே இருக்கு. ஏற்கனவே எழுதிக் கொடுத்துட்டீங்களா? ‘கட்டாயப்படுத்தி வாங்கினது’ன்னு உடனே பதிவுத் தபால் அனுப்புங்க. பே ஸ்லிப், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எல்லாத்தையும் முன்கூட்டியே சொந்த மெயிலுக்கு எடுத்துவச்சுக்கோங்க, ஏன்னா ஆபீஸ் மெயில் அன்னிக்கு மதியமே பூட்டிடும். பிஎஃப் பாஸ்புக்கை டவுன்லோடு பண்ணி வைங்க. அங்க வேலை பார்த்தீங்கங்கிறதுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சும்மா இருந்து நாளைக் கடத்தாதீங்க. பழைய சட்டத்துல வேலைநீக்கத் தகராறுக்கு மூணு வருஷம் இருந்தது. புதுத் தொகுப்புல தகராறு எழுந்து ரெண்டு வருஷம் தாண்டினா சமரச அலுவலர் விசாரிக்க முடியாது. சம்பள பாக்கிக்கு மட்டும் நல்ல மாற்றம்: மூணு வருஷம் வரை கேட்கலாம், சம்பளம் கொடுத்தாச்சுன்னு நிரூபிக்க வேண்டியது முதலாளி. வேலையை விட்டாலும் நீக்கினாலும் ரெண்டு வேலை நாளுக்குள்ள சம்பளக் கணக்கை முடிக்கணும். ‘45 நாள் ஆகும்’னு ஹெச்ஆர் சொன்னா, எந்தச் சட்டத்துலன்னு கேளுங்க. பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மாசம் 24,000 ரூபாய் வரைக்கும்தான். இப்போ மேலாளர், நிர்வாகப் பணியாளர் எல்லாரும் சம்பளத் தொகுப்புக்குள்ள உண்டு. ஆசிரியர்ங்கிற வார்த்தை மட்டும் இந்தப் பட்டியல்லயும் இல்ல! பஸ்ல பின்னாடி நின்ன கான்ட்ராக்ட் பணியாளருக்கு ஒரு வரி: ஏஜென்சி சம்பளம் தரலைன்னா, வேலை வாங்கின முதன்மை நிறுவனம் தந்தாகணும்.

காசில்லாம வக்கீலா? உண்டு. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-ன் 12-வது பிரிவுல யாருக்கெல்லாம் இலவச சட்ட உதவின்னு பட்டியல் இருக்கு. எஸ்சி, எஸ்டி, பெண்கள், மாற்றுத் திறனாளிகள்னு போற அந்தப் பட்டியல்ல ‘தொழில்துறைத் தொழிலாளி’யும் ஒருத்தர். இவங்களுக்கு வருமான வரம்பு கிடையாது. ஜவ்வாது மலையில இருந்து வேலைக்கு இறங்கி வர்ற மலையாளி பழங்குடி இளைஞருக்கும் உண்டு, மாசம் 60,000 வாங்குற பெண் இன்ஜினீயருக்கும் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்துல மாவட்ட ஆணைக்குழு இருக்கு. போன்ல கேட்க 15100. அக்கா இருபதாயிரம் கொடுத்து வக்கீல் பார்த்தாங்க. ஒரு பெண்ணா அவங்களுக்கு அது இலவசமாவே கிடைச்சிருக்கும்.

ஆனா இதுக்காக வேலூர் வரணும், அரை நாள் லீவு போடணும். வேலை போயிடுமோன்னு பயத்துல இருக்கிறவர் லீவு போடுவாரா? கணியம்பாடி ஒன்றிய அலுவலகத்துல வாரம் ஒரு சாயங்காலம், ஆறு மணிக்கு மேல, வேலைச் சட்டத்துக்குன்னு ஒரு மேஜை போட்டா என்ன? புதுச் சட்டம் எதுவும் தேவையில்ல. ஒரு வக்கீலும் ரெண்டு நாற்காலியும் போதும்.

முதலாளிக்கும்தான்

என் மாமா ஆம்பூர் கம்பெனிக்கு ஷூ மேல்பாகம் தைச்சுக் கொடுக்கிற சின்ன யூனிட் வச்சிருக்கார். பதினோரு பேர். போன பொங்கலுக்குப் போனப்போ ஒரு ஆள் குறைஞ்சிருந்தது.

“அவனே நின்னுட்டான்டா, பத்து நாளா வரல.”

“நோட்டீஸ் அனுப்பினீங்களா மாமா?”

“எதுக்கு? வரலைன்னா வேலை இல்லன்னு அர்த்தம்தானே?”

இல்ல. எட்டு நாளுக்கு மேல சொல்லாம வரலைன்னு விசாரணையே இல்லாம பேரை நீக்கின ஒரு கம்பெனியோட நடவடிக்கை இயற்கை நீதிக்கு விரோதம்னு 1993-ல் டி.கே.யாதவ் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லுச்சு. சட்டவிரோதமா நீக்கினா, பழைய சம்பளத்தோட மறுபடி வேலை தர்றதுதான் இயல்பான விதின்னு 2013-ல் இன்னொரு தீர்ப்பு. நாலு வருஷம் கழிச்சு நாலு வருஷச் சம்பளம்னா மாமாவோட மெஷின்களை விற்கணும். அவர் கெட்டவர் இல்ல, தீபாவளிக்கு போனஸ் அவரே கையில எடுத்துட்டுப் போய்க் கொடுப்பார். எழுத்துல எதையும் வைக்கிற பழக்கம்தான் இல்ல. அப்பாயின்ட்மென்ட் லெட்டர் இப்போ எல்லாருக்கும் கட்டாயம்னு சொன்னேன். “பதினோரு பேருக்கா?”ன்னார்.

பெரிய கம்பெனிக்கு ஹெச்ஆர், சட்டத் துறை, முதலாளிகள் சங்கம் எல்லாம் உண்டு. மாமா மாதிரி ஆளுக்கு சட்டம்னா பிஎஃப் கணக்கு போடுற கன்சல்டன்ட்தான். இலவச உதவிப் பட்டியல்லயும் அவருக்கு இடமில்ல (அத்தை பேர்ல யூனிட் இருந்திருந்தா, பெண்ங்கிற கணக்குல உண்டு!). ஆனா சமரச அலுவலர் ரெண்டு தரப்புக்கும் பொது; அவர்கிட்ட போக முதலாளிக்கும் காசு ஆகாது. அந்தச் சாயங்கால மேஜையில மாமாவுக்கும் ஒரு நாற்காலி போடணும்னு நான் சொல்றது இதனாலதான். அவர் சரியா ஒரு கடிதம் எழுதக் கத்துக்கிட்டா, கோர்ட்டுக்குப் போற வழக்குல ஒண்ணு குறையும்.

மாமா அப்புறம் அந்தப் பையனுக்கு ‘ஏழு நாளுக்குள் வேலைக்கு வரவும், வராததற்குக் காரணம் தெரிவிக்கவும்’னு பதிவுத் தபால் போட்டார், நான்தான் டைப் பண்ணிக் கொடுத்தேன். நாலாவது நாள் பையன் வந்து நின்னான். அம்மாவை அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தானாம், போன்ல சார்ஜ் இல்லையாம்.

அக்கா கிராஜுவிட்டி கேட்டு கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்காங்க. சர்டிஃபிகேட் இன்னும் வரல.